கார்ப்பெட்டை வாடகைக்கு விட நினைத்த கம்பெனி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் கார்ப்பெட் பத்தி. ஆமாம், தரையில் விரிக்கிற அதே கார்ப்பெட்தான். ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க.

இதை ஏதாவது ஐடி பார்க்கில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, காலுக்குக் கீழே ஒரு தடவை பாருங்க. சாம்பல் நிறத்தில், அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில், சதுரம் சதுரமா கார்ப்பெட் பதிச்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதுக்குப் பேர் கார்ப்பெட் டைல். நம்ம தலைமுறையில் பாதிப் பேர் வேலை செய்யறதே அது மேலதான். ஆனா அதை யாரும் கவனிக்கறதில்லை.

அந்தச் சதுரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கு. "சஸ்டெய்னபிலிட்டி"ங்கிற வார்த்தை டவுன் ஹால் மீட்டிங் ஸ்லைடுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 1994-லேயே ஒரு கம்பெனி அதைச் சீரியஸா எடுத்துக்கிச்சு. தன்னோட பொருள், தொழிற்சாலை, விக்கிற முறை எல்லாத்தையும் திரும்ப டிசைன் பண்ணப் பார்த்துச்சு. சிலது நல்லா வந்தது. ஒண்ணு படுதோல்வி. என்னைக் கேட்டா, வெற்றிகளை விட அந்தத் தோல்விதான் நமக்கு அதிகம் சொல்லிக் கொடுக்குது. அதுக்கு வருவோம்.

ஒரு சதுரத்துக்குள்ள என்ன இருக்கு?

கம்பெனியோட பேர் இன்டர்ஃபேஸ். ஆரம்பிச்சவர் ரே ஆண்டர்சன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். ஜார்ஜியா டெக்கில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிச்சுட்டு, பல வருஷம் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்தார். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர்ங்கிற ஊரில் முதல் தடவையா கார்ப்பெட் டைலைப் பார்க்கிறார். பார்த்ததுமே அவருக்கு ஒரு விஷயம் புரிஞ்சுபோச்சு. ஆபீஸ்களுக்குள்ள கம்ப்யூட்டர் வரப்போகுது. கம்ப்யூட்டர் வந்தா தரைக்கு அடியில் கேபிள் ஓடும். ஒவ்வொரு தடவை கேபிளைத் தொடும்போதும் மொத்தக் கார்ப்பெட்டையும் சுருட்ட முடியாது. சதுரமா இருந்தா, வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துண்டைத் தூக்கிட்டு வேலையை முடிச்சுடலாம்.

1973-ல், நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுட்டு, லாக்ரேஞ்ச் என்ற சின்ன ஊரில் ஒரு பிரிட்டிஷ் கார்ப்பெட் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து தொழிலை ஆரம்பித்தார். அதே வருஷம் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோலியம் விலை எகிறியது. கார்ப்பெட் கம்பெனிக்கும் பெட்ரோலியத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். மேலே காலில் படுற நூல் நைலான், அது பெட்ரோலியத்திலிருந்து வருது. அடியில் கனமா இருக்கிற பட்டை பிவிசி பிளாஸ்டிக், அதிலும் பெட்ரோலியம். நடுவில் ஒட்டுப்பொருள். இதையெல்லாம் உருக்கி இணைக்க எரிசக்தி. சுருக்கமா, பெட்ரோலியத்தைத்தான் நாம மிதிச்சுக்கிட்டு நடக்கிறோம்.

இன்னொரு விஷயம். இந்த அடுக்குகள் எல்லாம் பிரிஞ்சு வராத மாதிரி ஒட்டப்பட்டவை. அதுதான் தரம். பத்து வருஷம் ஆயிரம் பேர் நடந்தும் பிரியாம இருந்தால்தான் நல்ல கார்ப்பெட். ஆனா அதே காரணத்தால், பழசானதும் அதை எதுக்கும் திரும்பப் பயன்படுத்த முடியாது. நேரா குப்பைமேட்டுக்குத்தான் போகும். பொருளோட பலமே கடைசியில் அதோட பிரச்சினை.

1990-களின் ஆரம்பத்தில் இன்டர்ஃபேஸ் உலகத்திலேயே பெரிய கார்ப்பெட் டைல் கம்பெனி. அதுவரைக்கும் ஆண்டர்சன் இதைப் பத்தியெல்லாம் யோசிச்சதே இல்லைன்னு பின்னாடி அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கார். சட்டம் என்ன சொல்லுதோ அதைச் செய்யறோம், போதும். அவ்வளவுதான் அவரோட சுற்றுச்சூழல் கொள்கை.

பதில் தெரியாத ஒரு கேள்வி

1994-ல் விற்பனைப் பிரிவு ஆட்கள் ஒரு புது விதமான கேள்வியோடு திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஆர்க்கிடெக்ட்களும் வாடிக்கையாளர்களும், குறிப்பா கலிஃபோர்னியா பக்கம், ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். உங்க கம்பெனி சுற்றுச்சூழலுக்காக என்ன செய்யுது?

யார்கிட்டயும் பதில் இல்லை. பதில் இல்லைன்னா ஆர்டர் போகும். அதனால் ஜிம் ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்பவர் இருந்த ஆராய்ச்சிப் பிரிவு ஒரு குழு அமைத்து, தலைவர் வந்து தொடக்க உரை பேசணும், உங்க தொலைநோக்குப் பார்வையைச் சொல்லணும்னு கேட்டார்கள். ஆண்டர்சனுக்குச் சங்கடம். சட்டத்துக்குக் கட்டுப்படுறோம் என்பதைத் தொலைநோக்குன்னு சொல்ல முடியுமா?

அந்த நேரத்தில், விற்பனைப் பிரிவில் இருந்த ஜாய்ஸ் லாவல் மூலமாக ஒரு புத்தகம் அவர் மேசைக்கு வந்தது. பால் ஹாக்கன் எழுதி 1993-ல் வெளிவந்த "தி ஈகாலஜி ஆஃப் காமர்ஸ்". உரைக்கு ரெண்டு பாயின்ட் கிடைச்சா போதும்னுதான் புரட்ட ஆரம்பிச்சார்.

அதில் செயின்ட் மாத்யூ தீவோட கதை வருது. அலாஸ்காவுக்குப் பக்கத்தில் பெரிங் கடலில் இருக்கிற தீவு. 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே 29 ரெய்ண்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. வேட்டையாட எதிரி இல்லை, தின்ன ஏராளமான லைக்கன் இருந்தது. 1963-ல் மான்களோட எண்ணிக்கை 6,000. தின்னு தீர்த்தாச்சு. 1966-ல் போய்ப் பார்த்தபோது மிச்சம் 42.

ஒரு கம்பெனியை 29-ல் இருந்து 6,000-க்கு வளர்த்தவர் இந்தக் கதையை எப்படிப் படிச்சிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த நம்பர் என்னன்னு அவருக்குத் தெரியும். மார்பில் ஈட்டி பாய்ஞ்ச மாதிரி இருந்ததுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். அப்போ அவருக்கு வயசு 60. நம்ம ஊரில் பலர் ஓய்வு வாங்கிட்டு வாக்கிங் போற வயசு.

ஆகஸ்ட் 31, 1994. அந்த உரையில் அவர் வைத்த இலக்கைக் கேட்டுக் கூட்டமே திகைச்சது. பூமியிலிருந்து எடுப்பதில் இயற்கை தானாகத் திரும்ப உருவாக்கக்கூடியதை மட்டும் எடுக்கணும், உயிர்க்கோளத்துக்கு எந்தக் கெடுதலும் செய்யக் கூடாது. பெட்ரோலியத்தில் முங்கிக் குளிக்கிற ஒரு கம்பெனியோட தலைவர் இதைச் சொல்றார். இவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு சொந்த ஆட்களே பேசிக்கிட்டாங்க. பிற்பாடு இந்த இலக்குக்கு "மிஷன் ஜீரோ"ன்னு பேர் வந்தது. கெடு, 2020.

அளவுகோல் பூஜ்யம்

முதல் வேலை கழிவு. 1995-ல் ஆரம்பித்த திட்டத்தில் கழிவுங்கிறதுக்கே புது அர்த்தம் கொடுத்தாங்க. வாடிக்கையாளருக்குப் பயன் தராத எந்தச் செலவும் கழிவுதான். வெட்டி எறிஞ்ச நூல் மட்டும் இல்லை. தப்பான முகவரிக்குப் போன லோடு கழிவு. தப்பா அடிச்ச இன்வாய்ஸும் கழிவு. அப்புறம் ஒரு படி மேலே போய், பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிபொருளில் வர்ற மின்சாரத்தையும் கழிவுக் கணக்கில் சேர்த்துட்டாங்க.

இதில் முக்கியம் அளவுகோல். வழக்கமா போன வருஷத்தை விட 5 சதவீதம் குறைச்சிட்டோம்னு சொல்லிக் கை தட்டுவோம். இவங்க பூஜ்யத்தோடு ஒப்பிட்டாங்க. பூஜ்யத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்? இப்படிக் கேட்டா கை தட்ட நேரமே கிடைக்காது.

2009-ல் டெட் மேடையில் பேசும்போது, இந்தக் கழிவுக் குறைப்பால் மட்டும் மிச்சமான செலவு சுமார் 40 கோடி டாலர்னு ஆண்டர்சன் கணக்குச் சொன்னார். 1996-ல் இருந்து பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் நிகரக் கணக்கில் 82 சதவீதம் குறைஞ்சது, அதே காலத்தில் விற்பனை மூன்றில் ரெண்டு பங்கு கூடியது, லாபம் இரட்டிப்பானதுன்னும் சொன்னார். இது கம்பெனித் தலைவர் தன் கம்பெனியைப் பத்திச் சொன்ன கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கணும்னு இல்லை. ஆனா பூமியைப் பார்த்தா பிசினஸ் படுத்துடும்ங்கிற வாதத்துக்கு, பத்து வருஷத்துக்கு மேல் படுக்காம நின்ன ஒரு கம்பெனி நல்ல பதில்.

95-ல் இருந்து 7

இப்போ இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச பகுதி. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

1997-ல் இன்டர்ஃபேஸ் ஷாங்காயில் ஒரு தொழிற்சாலை கட்டியது. அதில் ஒரு திரவத்தைக் குழாய் வழியா சுத்த வைக்கிற அமைப்பு வேணும். பெயர்பெற்ற ஒரு நிறுவனம் டிசைன் போட்டுக் கொடுத்தது. 14 பம்புகள், மொத்தம் 95 குதிரைத்திறன். கம்பெனியின் இன்ஜினியர் யான் ஸ்கில்ஹாம் அதை எடுத்துத் திரும்பப் போட்டார். 7 குதிரைத்திறன். 92 சதவீதம் குறைவு. கட்டுமானச் செலவும் குறைஞ்சது.

புது டெக்னாலஜி எதுவும் இல்லை. ரெண்டே மாற்றம். முதலாவது, ஒல்லிக் குழாய்களுக்குப் பதிலா குண்டுக் குழாய்கள். ஒரே அளவு திரவம் ஓடும்போது உராய்வு இழப்பு, விட்டத்தோட கிட்டத்தட்ட அஞ்சாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி குறையும். விட்டத்தை இரட்டிப்பாக்கினா இழப்பு சுமார் 32-ல் ஒரு பங்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அப்புறம் ஏன் யாரும் செய்யலை? குழாயோட விலையையும் அதனால் மிச்சமாகிற கரண்ட் பில்லையும் மட்டும் ஒப்பிடுவாங்க. குழாய் குண்டானா பம்பு சின்னதாகும், மோட்டார் சின்னதாகும், அந்தச் செலவும் குறையும்ங்கிறது வேற ஒருத்தரோட எக்செல் ஷீட்டில் இருக்கும்.

ரெண்டாவது மாற்றம் இன்னும் எளிமை. வழக்கமா இயந்திரங்களை ஆளுக்கொரு மூலையில் வெச்சுட்டு, அப்புறம் குழாய் போடறவரைக் கூப்பிடுவோம். அவர் வளைச்சு வளைச்சுக் கொண்டுபோவார். ஸ்கில்ஹாம் முதலில் குழாயை நேரா, குட்டையா வரைஞ்சார். இயந்திரங்களை அதுக்கு ஏத்த மாதிரி வெச்சார். குழாய் நேரா இருந்ததால் வெப்பக் காப்பு சுத்தறதும் சுலபமாச்சு, அதில் இன்னொரு 70 கிலோவாட் வெப்ப இழப்பு மிச்சம்.

இந்த யோசனை அவருக்கு ஏமரி லவின்ஸ் என்ற அமெரிக்க எரிசக்தி அறிஞர் வழியா வந்தது. லவின்ஸ் அதைக் கத்துக்கிட்டது லீ எங் லாக் என்ற சிங்கப்பூர் இன்ஜினியரிடமிருந்து.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. ஒவ்வொரு டீமும் தன் மாட்யூலை மட்டும் ஆப்டிமைஸ் பண்ணும், மொத்த சிஸ்டம் நொண்டும். அந்த 88 குதிரைத்திறனை வீணாக்கியது எந்தத் தனி ஆளும் இல்லை. யாரை முதலில் கூப்பிடறதுங்கிற வரிசைதான் வீணாக்கியது.

காட்டுத் தரையில் ரெண்டு இலை ஒரே மாதிரி இருக்குமா?

அடுத்தது பொருள். இன்டர்ஃபேஸுக்கு டைல் டிசைன் பண்ணியவர் டேவிட் ஓக்கி. ஜனைன் பென்யஸ் எழுதி 1997-ல் வந்த "பயோமிமிக்ரி" புத்தகத்தைப் படிச்சு ஈர்க்கப்பட்டவர். இயற்கையிடமிருந்து டிசைன் கத்துக்கறதுதான் பயோமிமிக்ரி. ஓக்கி தன் டீமை ஒரு காட்டுக்கு அனுப்பினார். இலை டிசைன், பூ டிசைன் எடுத்துட்டு வந்துடாதீங்க, இயற்கை ஒரு தரையை எப்படிப் போடுதுன்னு பாருங்கன்னு சொல்லி அனுப்பினார்.

அவங்க பார்த்தது ஒழுங்கின்மை. காய்ஞ்ச இலை, குச்சி, கல். எந்த ரெண்டு சதுர அடியும் ஒரே மாதிரி இல்லை. ஆனா மொத்தமா பார்த்தா அழகா ஒத்துப்போகுது. ஒரு குச்சியை எடுத்து வேற இடத்தில் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

அப்படி 2000-ல் வந்தது "என்ட்ரோப்பி". எந்த ரெண்டு டைலும் ஒரே மாதிரி இருக்காது, எந்தத் திசையிலும் பதிக்கலாம். இதோட விளைவுகளைப் பாருங்க. அதுவரைக்கும் சாயம் ஏத்தும்போது ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் நிறம் லேசா மாறினாலே தரக் குறைவுன்னு கழிச்சாங்க. இப்போ அந்த மாற்றமே டிசைன். பதிக்கும்போது பேட்டர்ன் பொருத்த வேண்டாம், வெட்டிப் போடற துண்டு குறையும். எல்லாத்தையும் விட முக்கியம், நாலு வருஷம் கழிச்சு ஒரு டைலில் காபி கொட்டினா அந்த ஒண்ணை மட்டும் மாத்தலாம். புதுசு துருத்திக்கிட்டுத் தெரியாது. முன்னாடி அதே பேட்ச் கிடைக்காதுன்னு பயந்து பெட்டி பெட்டியா உபரி டைல் வாங்கி வெப்பாங்க, இல்லைன்னா மொத்தத் தரையையும் மாத்துவாங்க. என்ட்ரோப்பி வெகு சீக்கிரம் கம்பெனியின் அதிகம் விற்கும் டிசைன்களில் ஒண்ணாச்சு. வாங்கினவங்களில் பலர் பூமிக்காக வாங்கலை. அழகா இருந்தது, வேலை சுலபம், அதனால் வாங்கினாங்க.

பசை விஷயமும் இப்படித்தான். டைலைத் தரையோடு ஒட்டற பசையிலிருந்து ரசாயன வாயு வரும், பிரிக்கும்போது டைல் கிழியும். பல்லியோட பாதம் சுவரில் எப்படி ஒட்டுதுங்கிற மாதிரி ஆராய்ச்சியில்தான் ஆரம்பிச்சாங்க. கடைசியில் கேள்வியே மாறிப்போச்சு. கார்ப்பெட்டை ஏன் தரையோடு ஒட்டணும்? அதோட எடைக்கு அது எங்கேயும் பறந்துடாது. டைலும் டைலும் விலகாம இருந்தா போதும். அதனால் நாலு டைல் சேர்ற மூலையில், அடிப்பக்கம் ஒரு சின்னச் சதுர ஸ்டிக்கர். தரையில் ஒரு சொட்டுப் பசை இல்லை. அதுக்கு "டேக்டைல்ஸ்"னு பேர் வெச்சாங்க.

கார்ப்பெட் ஆஸ் எ சர்வீஸ்

இப்போ நான் முதலில் சொன்ன தோல்வி.

சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி 1999-ல்தான் வந்தது. சாஃப்ட்வேரை மாசச் சந்தாவுக்குக் கொடுக்கலாம்ங்கிறது அதுக்கு அப்புறம்தான் பரவலாச்சு. 1995-லேயே இன்டர்ஃபேஸ் இதைக் கார்ப்பெட்டில் செஞ்சு பார்த்தது. அந்தத் திட்டத்தோட பேர் "எவர்க்ரீன் லீஸ்".

யோசனை ரொம்ப அழகு. வாடிக்கையாளருக்கு வேண்டியது கார்ப்பெட்டா? காலுக்கு மெத்துனு இருக்கணும், சத்தம் குறையணும், பார்க்க நல்லா இருக்கணும், அவ்வளவுதானே. அந்தச் சேவையை நாங்க மாச வாடகைக்குத் தர்றோம். கார்ப்பெட் எங்க சொத்து. நாங்களே பதிப்போம், சுத்தம் செய்வோம், தேய்ஞ்ச டைலை மட்டும் மாத்துவோம், கடைசியில் எடுத்துட்டுப் போய்ப் புது கார்ப்பெட் ஆக்குவோம்.

இதில் இருக்கிற புத்திசாலித்தனத்தைக் கவனிங்க. விக்கிற கம்பெனிக்கு, கார்ப்பெட் சீக்கிரம் தேய்ஞ்சா லாபம். வாடகைக்கு விடற கம்பெனிக்கு, அது நீண்ட நாள் உழைச்சா லாபம். பிரிச்சு எடுக்கிற மாதிரி டிசைன் பண்ணினா இன்னும் லாபம். ஒப்பந்தத்தை மாத்தினா இன்ஜினியரோட நோக்கமே மாறிடுது.

தென் கலிஃபோர்னியா கேஸ் கம்பெனி டவுனி என்ற ஊரில் கட்டிய எரிசக்தி மையத்துக்கு முதல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுக்கு அப்புறம்? வருஷக்கணக்கில் முயற்சி செஞ்சும் மிகச் சில வாடிக்கையாளர்கள்தான் சேர்ந்தாங்க. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் இதை ஒரு கேஸ் ஸ்டடியாவே எழுதி வெச்சிருக்காங்க.

ஏன் எடுபடலை? முதல் காரணம், பட்ஜெட். கட்டடம் கட்டும்போது கார்ப்பெட் செலவு மூலதனக் கணக்கில் ஒரே தடவை போயிடும். அதுக்கு அப்புறம் சுத்தம் செய்யற செலவு பராமரிப்புத் துறையோட கணக்கு. புதுசா மாத்தற செலவு பத்து வருஷம் கழிச்சு வேற யாரோட தலைவலியோ. லீஸ் வந்தா இது மூணும் சேர்ந்து ஒரே மாசத் தொகையா, ஒரே ஆளோட கணக்கில் வந்து உட்காரும். ஒளிஞ்சிருந்த செலவு வெளிச்சத்துக்கு வந்தது. வந்ததும், ஐயோ இவ்வளவான்னு பயந்துட்டாங்க. குறைஞ்ச கூலிக்குச் சுத்தம் செய்யற கான்ட்ராக்ட் பக்கத்திலேயே இருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

ரெண்டாவது காரணம், கணக்கியல். ஒரு பொருளை லீஸ் விடணும்னா, முடிவில் அதுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்னு காட்டணும். காருக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் இருக்கு. பழைய கார்ப்பெட்டை யார் வாங்குவா? மதிப்பு பூஜ்யம்னா, நிதி நிறுவனங்களோட பார்வையில் அது லீஸே இல்லை, தவணையில் விக்கிறதுதான்.

மூணாவது காரணம், பழசை எடுத்துட்டு வந்தாலும் நைலானையும் அடிப்பட்டையையும் சுத்தமா பிரிக்கிற தொழில்நுட்பம் அப்போ கையில் இல்லை. வாக்குறுதி முன்னாடி ஓடிடுச்சு, மெஷின் பின்தங்கிடுச்சு.

மூணில் ரெண்டு காரணம் கார்ப்பெட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது. பொருளை மாத்திட்டாங்க, தொழிற்சாலையை மாத்திட்டாங்க. வாங்குறவரோட எக்செல் ஷீட்டை மட்டும் மாத்த முடியலை.

மீன் வலையிலிருந்து நூல்

ஆனா அந்த மூணாவது காரணத்தை அவங்க விடலை. 2000-களின் பிற்பகுதியில் நூலையும் அடிப்பட்டையையும் பிரிக்கிற இயந்திரங்கள் வந்தன. பழைய அடிப்பட்டையை அரைச்சு உருக்கிப் புது அடிப்பட்டை ஆக்கினாங்க. நைலானுக்கு அக்வாஃபில் என்ற இத்தாலியக் கம்பெனி வந்தது. நைலான் 6 என்ற வகையை அதோட அடிப்படை மூலக்கூறான கேப்ரோலாக்டம் வரைக்கும் உடைச்சுத் திரும்பக் கோக்கலாம். தரம் குறையாது. ஸ்லோவேனியா நாட்டில் லுப்லியானா நகரில் அதுக்கான ஆலை 2011-ல் ஓட ஆரம்பிச்சது.

மீன் வலைகளும் பெரும்பாலும் நைலான் 6-தான். 2012-ல் இன்டர்ஃபேஸும் லண்டன் விலங்கியல் கழகமும் சேர்ந்து, பிலிப்பைன்ஸின் டனஹோன் பவளத்திட்டுப் பகுதியில் ஒரு திட்டம் ஆரம்பித்தன. கடற்கரையில் வீசப்பட்டுக் கிடந்த பழைய வலைகளை மீனவக் கிராமத்து மக்கள் சேகரித்து விப்பாங்க. வலை நூலாகும், நூல் கார்ப்பெட் ஆகும். அவங்க சேமிக்கவும் கடன் வாங்கவும் கிராமத்து அளவில் சமூக வங்கிகளும் அமைக்கப்பட்டன.

ஆண்டர்சன் இதைப் பார்க்க இல்லை. 2011 ஆகஸ்டில், 77 வயசில், புற்றுநோயால் இறந்தார். ஒரு தலைவரோட தனிப்பட்ட ஆசையில் ஆரம்பிச்ச திட்டம் அவரோடேயே போயிடும்னு நிறைய பேர் நினைச்சிருப்பாங்க. அவர் போன பிறகும் அது தொடர்ந்து நடந்தது.

சரி, ஜெயிச்சாங்களா?

2019-ல், கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, மிஷன் ஜீரோ வெற்றின்னு கம்பெனி அறிவித்தது. தொழிற்சாலைகளின் பசுமைக்குடில் வாயு 96 சதவீதம் குறைவு, ஒரு டைலோட சராசரி கார்பன் தடம் 69 சதவீதம் குறைவுன்னு கணக்குக் கொடுத்தார்கள்.

இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்க. தன் தொழிற்சாலைக்குள்ள 96. ஆனா மூலப்பொருள் எங்கேயோ தயாராகி வர்றதையும் சேர்த்தா 69. ஜீரோன்னு பேர் வெச்ச திட்டம் ஜீரோவைத் தொடலை. மிச்சத்தைச் சரிக்கட்ட, வேற எங்கேயோ குறைக்கப்பட்ட கார்பனுக்குப் பணம் கட்டுகிற "ஆஃப்செட்" முறையைப் பயன்படுத்தித்தான் தன் பொருள்களைக் கார்பன் நியூட்ரல்னு விற்றார்கள். 2024-ல் அந்த ஆஃப்செட் வாங்குவதையே நிறுத்தப் போவதாகவும், நேரடிக் குறைப்பில் மட்டும் பணம் போடப் போவதாகவும் கம்பெனியே அறிவித்தது. என் பார்வையில், 2019-ன் கொண்டாட்டத்தை விட 2024-ன் இந்த அறிவிப்பில்தான் நேர்மை அதிகம்.

இன்னொரு நிஜமும் இருக்கு. அமெரிக்காவில் தூக்கிப் போடப்படுகிற கார்ப்பெட்டில் பெரும்பகுதி இன்னிக்கும் மண்ணுக்குள்ளதான் புதைக்கப்படுது. ஒரு கம்பெனி மாறினா ஒரு துறை மாறிடாது. அந்தக் கம்பெனியும் இன்னும் பிரதானமா டைலை விற்றுத்தான் பிழைக்குது. வாடகைக் கனவு கனவாவே நின்னுடுச்சு.

அதனால இதை ஒரு மகான் கதையா சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனா 1994-ல் எங்கே இருந்தாங்க, இப்போ எங்கே இருக்காங்கன்னு பார்த்தா, இடையில் நடந்தது சின்ன விஷயமும் இல்லை.

நமக்கு இதில் என்ன?

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கிறது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, ஒரு பொருளோட குப்பை அது குப்பைத்தொட்டிக்கு வர்ற அன்னிக்கு உருவாகறதில்லை. யாரோ ஒருத்தர் குழாயோட விட்டத்தை முடிவு பண்ணும்போது, பசை வேணும்னு எழுதும்போது, ரெண்டு பொருளைப் பிரிக்க முடியாம ஒட்டும்போதே அது உருவாகிடுது. அந்த யாரோ ஒருத்தர் பெரும்பாலும் நம்மளை மாதிரி ஒரு ஜூனியர் இன்ஜினியர். முடிவும் பெரும்பாலும் போன ப்ராஜெக்ட்டில் இருந்து காப்பி-பேஸ்ட் ஆனது.

ரெண்டாவது, பொருளை டிசைன் பண்ணினா மட்டும் போதாது. அதை வாங்கற முறையையும் டிசைன் பண்ணணும். எவர்க்ரீன் லீஸ் செத்தது ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. கொள்முதல் துறையில், ரெண்டு பட்ஜெட் தலைப்புகளுக்கு நடுவில் செத்தது. நம்ம ஆபீஸில் லேப்டாப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறதும், சர்வரைச் சும்மா ஓட விடறதும் இதே இடுக்கில்தான் நடக்குது. செலவை ஒருத்தர் பார்க்கிறார், முடிவை இன்னொருத்தர் எடுக்கிறார், குப்பையை மூணாவது ஆள் அள்ளுறார்.

இந்த இடுக்கில் நுழைய நீங்க ஒரு கம்பெனியோட தலைவரா இருக்கணும்னு அவசியம் இல்லை. இன்டர்ஃபேஸ் கதை தலைவரோட ஞானோதயத்தில் ஆரம்பிக்கலை. பேர் கூடத் தெரியாத சில வாடிக்கையாளர்கள், விக்க வந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்களுக்குப் பதில் தெரியலை. திரும்பத் திரும்பக் கேட்டதால் அந்தக் கேள்வி படி ஏறி ஏறித் தலைவர் மேசை வரைக்கும் போச்சு.

நம்ம வயசில் இருக்கிற பலர் இப்போ வெண்டார் மீட்டிங்கில் மேசையோட வாங்குற பக்கம் உட்கார ஆரம்பிச்சிருக்கோம். அடுத்த தடவை கொட்டேஷன் வரும்போது, விலை, டெலிவரி தேதி எல்லாம் கேட்ட பிறகு இன்னொரு வரி சேர்த்துக் கேட்டுப் பாருங்க. இது பழசானதும் நீங்க திரும்ப எடுத்துக்குவீங்களா, எடுத்துட்டு என்ன செய்வீங்க?

பதில் வராது. மறுபடியும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.